பழைய பிஎஸ்2-வை 4கே டிவியில் மாட்டினால் ஏன் மங்கல்? சரிசெய்வதா, ரீமாஸ்டர் வாங்குவதா?

பரணில் கிடந்த பிஎஸ்2 ஸ்லிம்மை (சோனி பிளேஸ்டேஷன் 2-வின் மெலிந்த மாடலை) இறக்கி, மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயரை ஒரு சின்ன ஹெச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் வழியாக 55 அங்குல 4கே டிவியில் மாட்டியிருக்கிறீர்கள். படம் மங்கலாக இருக்கிறது, ஓரங்கள் நடுங்குகின்றன, ஆட்கள் எல்லாரும் குண்டாகத் தெரிகிறார்கள். 'டெக்கன் 5'-ல் பட்டனை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் அடி விழுகிறது. சில டிஸ்க்குகளை எடுக்கவே மாட்டேன் என்கிறது. பெட்டி போய்விட்டதா, இல்லை பேசாமல் ஒரு பிஎஸ்5 வாங்கி அதே விளையாட்டுகளின் ரீமாஸ்டர்களை (புதுப் பெட்டிக்காக மெருகேற்றிய பதிப்புகளை) ஆடிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் இதற்குள் மூன்று இருக்கின்றன: படம், டிஸ்க், புதுப் பதிப்புகள். படம் மங்குவதற்கும் டிஸ்க் எடுக்காததற்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. மங்கலுக்கும் தாமதத்துக்கும் உங்கள் பெட்டி காரணமில்லை என்று அதைப் பார்க்காமலே சொல்லலாம். டிஸ்க் விஷயம் அப்படியில்லை, அதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

படத்திலிருந்து தொடங்குவோம். பிஎஸ்2 ஜப்பானில் 2000 மார்ச்சில் வந்தது. அப்போது வீடுகளில் இருந்தவை குழாய் டிவிகள். ஆகவே பெரும்பாலான விளையாட்டுகள் 480ஐ என்ற இன்டர்லேஸ் முறையில்தான் படத்தை வெளியே அனுப்புகின்றன. ஒரு நொடியில் 60 முறை படம் போகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் பாதி வரிகள்தான்: ஒருமுறை ஒற்றைப்படை வரிகள், அடுத்த முறை இரட்டைப்படை வரிகள். பால் (PAL) பதிப்பு, அதாவது ஐரோப்பா, இந்தியா போன்ற இடங்களின் டிவி முறைக்கான டிஸ்க் என்றால் நொடிக்கு 50 முறை, 576ஐ. குழாய் டிவி இந்தப் பாதிகளை வந்த வேகத்தில் அப்படியே திரையில் வரைந்துவிடும், திரையின் உட்பூச்சான பாஸ்பரின் ஒளிர்வும் நம் கண்ணும் அவற்றைச் சேர்த்துக்கொள்ளும். எல்சிடி, ஓஎல்இடி திரைகளுக்குப் பாதிப் படம் வரையத் தெரியாது. இரண்டு பாதிகளையும் வாங்கி, ஒட்டி, முழுப்படமாக்கி, பிறகு 480 வரிகளை 2160 வரிகளாக இழுத்துக் காட்ட வேண்டும். இந்த ஒட்டு வேலையை டீஇன்டர்லேஸிங் என்பார்கள். ஓர நடுக்கம், நகரும்போது சீப்புப் பல் போலத் தெரியும் கோடுகள், தாமதத்தில் ஒரு பங்கு எல்லாம் இங்கேதான் உண்டாகின்றன.

மங்கலுக்கு இன்னொரு காரணம் மஞ்சள் ஒயர். வெளிச்சம், நிறம், ஒத்திசைவு மூன்றும் அந்த ஒற்றைக் கம்பியில் கலந்து போகின்றன, மறுமுனையில் டிவி அவற்றைப் பிரித்தெடுக்கிறது. பிரிக்கும்போது நிறம் வழியும், சிவப்பு எழுத்துகளின் ஓரம் ஊர்ந்துகொண்டே இருக்கும். 21 அங்குல டிவியில் இது கண்ணில் படவில்லை. 55 அங்குலத்தில் நான்கு அடி தள்ளி உட்கார்ந்தால் இதைத் தவிர வேறெதுவும் தெரியாது.

ஆட்கள் குண்டாவதும் அந்தக் கன்வெர்ட்டரால்தான். மலிவான ஏவி-ஹெச்டிஎம்ஐ பெட்டிகள் 4:3 படத்தை வாங்கி 16:9-ஆக இழுத்து, 720பி அல்லது 1080பி என்று முத்திரை குத்தி அனுப்புகின்றன. டிவிக்கு அது அகலத்திரைப் படமாகவே போய்ச் சேர்வதால் 4:3-க்குத் திரும்பும் வழியைப் பல டிவிகள் தருவதில்லை. கூடவே, உள்ளே ஒரு படத்தையாவது சேமித்து வைத்துத்தான் இழுக்கின்றன. பிறகு டிவி தன் பங்குக்கு இன்னொரு முறை அலசுகிறது. ஆக, தாமதம் இரண்டு இடங்களில் ஏறுகிறது. டெக்கன் நொடிக்கு 60 பிரேம் ஓடும் விளையாட்டு, ஒரு பிரேம், அதாவது ஒரு முழுப் படம், 16.7 மில்லி நொடி. அதில் வரும் கசுயாவின் 'எலெக்ட்ரிக்' குத்துக்கு ஒரே ஒரு பிரேம்தான் அவகாசம். கேம் மோடு (படத்தை அலசுவதைக் குறைத்துத் தாமதத்தைக் குறைக்கும் அமைப்பு) போடாத டிவி சாதாரணமாகவே 50 முதல் 100 மில்லி நொடி வரை எடுத்துக்கொள்ளும். கை மறந்துவிட்டதோ என்று நினைக்க வேண்டாம், கை சரியாகத்தான் இருக்கிறது.

இனி செய்ய வேண்டியவை. செலவில்லாததிலிருந்து ஆரம்பிக்கிறேன். முதலில் அந்தக் கன்வெர்ட்டரைக் கழற்றி வையுங்கள். டிவியின் பின்னால் 'ஏவி இன்' இருக்கிறதா பாருங்கள். இப்போதைய டிவிகளில் அது மூன்று ஓட்டையாக இராது, ஹெட்போன் ஓட்டை போல 3.5 மில்லிமீட்டரில் ஒன்றே ஒன்று இருக்கும். அதற்கான இணைப்பு ஒயர் டிவியோடு வந்திருக்கும். வெளியே வாங்கினால் ஒரு சிக்கல் உண்டு. அந்த நான்கு வளைய பின்னில் எந்த வளையத்தில் வீடியோ போகிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். படம் வராமல் ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும் கேட்டால் மஞ்சள் முனையைச் சிவப்பு ஓட்டையிலும், பிறகு வெள்ளையிலும் மாற்றிச் செருகிப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்றில் படம் வந்துவிடும். பச்சை, நீலம், சிவப்பு என்று ஓட்டைகள் உள்ள சில டிவிகளில் பச்சை ஓட்டையே மஞ்சளுக்கும் சேர்த்துத்தான், பக்கத்தில் 'வீடியோ' என்றும் அச்சிட்டிருப்பார்கள். அப்படியென்றால் மஞ்சளைப் பச்சையில் செருக வேண்டியதுதான்.

படம் வந்ததும் டிவி மெனுவுக்குள் போய் கேம் மோடு போடுங்கள். மோஷன் ஸ்மூத்திங், நாய்ஸ் ரிடக்ஷன் இரண்டையும் அணைத்துவிடுங்கள். ஷார்ப்னெஸை நன்றாகக் குறையுங்கள். ஷார்ப்னெஸ் ஏற்றினால் படம் தெளிவாகும் என்று பலர் நம்புகிறார்கள், உண்மையில் அது ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டு மங்கலை இன்னும் எடுத்துக் காட்டும். படத்தின் அளவை 4:3-ல் வையுங்கள். 'காட் ஆஃப் வார்', 'கிராண்ட் டூரிஸ்மோ 4', 'சான் ஆன்ட்ரியாஸ்' போன்றவை தங்கள் மெனுவிலேயே அகலத்திரை வசதி தருகின்றன, அவற்றை ஆடும்போது மட்டும் 16:9-க்கு மாற்றலாம். இவ்வளவு செய்தாலே தாமதம் கண்கூடாகக் குறைந்துவிடும். மங்கல் மட்டும் அவ்வளவாகக் குறையாது.

அதற்கு காம்பொனென்ட் ஒயர் வேண்டும்: படத்துக்குப் பச்சை, நீலம், சிவப்பு, ஒலிக்கு வெள்ளை, இன்னொரு சிவப்பு என்று ஐந்து முனைகள். பிஎஸ்2-வின் ஏவி வெளியீட்டுச் செருகியும் பிஎஸ்3-இன் செருகியும் ஒன்றே, அதனால் பிஎஸ்3-க்கு என்று விற்கும் காம்பொனென்ட் ஒயரைத் தயங்காமல் வாங்கலாம். சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனிலும் கிடைக்கும், ரிச்சி தெரு மாதிரியான இடங்களிலும் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் மாட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய மஞ்சள் ஒயர் இருக்கும்போதே, டிஸ்க் போடாமல் பெட்டியை ஆன் செய்து சிஸ்டம் கான்ஃபிகரேஷனுக்குப் போங்கள். 'காம்பொனென்ட் வீடியோ அவுட்' என்ற வரியில் ஆர்ஜிபி என்று இருந்தால் அதை 'ஒய் சிபி/பிபி சிஆர்/பிஆர்' என்று மாற்றுங்கள். மாற்றாமல் ஒயரை மட்டும் மாற்றினால் படம் பச்சையடித்துப்போய் நிற்கும், ஒயர் கெட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டியிருக்கும்.

காம்பொனென்டில் நிற வழிசல் போய்விடும், எழுத்துகள் நிற்கும். ஆனால் 480ஐ 480ஐ-யாகவே வருகிறது, ஓர நடுக்கம் மிச்சமிருக்கும். அதற்கும் சில விளையாட்டுகளில் வழி உண்டு. 'டெக்கன் 5' டிஸ்க்கைப் போட்டு, பிஎஸ்2 சின்னம் மறைந்ததும் முக்கோணத்தையும் எக்ஸையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் புரோகிரசிவ் ஸ்கேன் வேண்டுமா என்று கேட்கும். ஆம் என்றால் 480பி, அதாவது பாதி பாதியாக இல்லாமல் முழுப் படமாகவே வரும். 'காட் ஆஃப் வார்' இரண்டு பாகங்களிலும் அதே வசதி ஆப்ஷன்ஸ் மெனுவில் இருக்கிறது. 'கிராண்ட் டூரிஸ்மோ 4'-ல் 480பி-யோடு 1080ஐ-யும் உண்டு. பின்னது பெயருக்குத்தான் 1080, உள்ளே அவ்வளவு புள்ளிகள் வரையப்படுவதில்லை, ஆகவே நான் 480பி-யைத்தான் சொல்வேன். இவையெல்லாம் அமெரிக்க, ஜப்பானியப் பதிப்புகளுக்கு. பால் பதிப்புகள் பலவற்றில் இந்த வசதியையே எடுத்துவிட்டார்கள், உங்கள் டிஸ்க்கில் இருக்கிறதா என்று போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

டிவியில் காம்பொனென்ட் ஓட்டையே இல்லை என்றால் இரண்டு வழி. பிஎஸ்2-வின் பின்னால் நேரடியாகச் செருகும் 'பிஎஸ்2 டு ஹெச்டிஎம்ஐ' என்ற சின்ன அடாப்டர் ஒன்று. இது படத்தை இழுப்பதில்லை, காம்பொனென்ட் சிக்னலை அப்படியே டிஜிட்டலாக்கி அனுப்புகிறது. அதனால் நீங்கள் இப்போது வைத்திருக்கும் கன்வெர்ட்டரைவிட எவ்வளவோ மேல், 480பி விளையாட்டுகளுக்கு அது போதும். ஆனால் 480ஐ-யை ஹெச்டிஎம்ஐ வழியாக ஏற்காத டிவிகள் இருக்கின்றன, அவற்றில் 'நோ சிக்னல்' என்று வரும். பெட்டியின் மெனுவே 480ஐ-தான் என்பதால் முதல் திரையைக்கூடத் தாண்ட முடியாது. திருப்பிக் கொடுக்க வசதியுள்ள கடையில் வாங்குங்கள். இந்த அடாப்டருக்கும் மேலே சொன்ன ஒய்-சிபி-சிஆர் அமைப்பு வேண்டும்.

இரண்டாவது வழி, இந்த வேலைக்கென்றே செய்த ஸ்கேலர்கள், அதாவது பழைய படத்தைப் புது டிவிக்கேற்ப மாற்றித் தரும் கருவிகள். ஓஎஸ்எஸ்சி படத்தைச் சேமித்து வைக்காமல், வரும் வரியை அப்படியே இரட்டித்து அனுப்புகிறது, ஆகவே அதில் தாமதம் ஏறக்குறைய இல்லை. 480ஐ-யை அது பாப் முறையில் (ஒவ்வொரு பாதியையும் தனித்தனியே முழுத் திரைக்கு இழுத்து) கையாள்வதால் மெல்லிய கோடுகள் மேலும் கீழுமாகத் துள்ளும். ரெட்ரோடிங்க் 5எக்ஸ் நகரும் இடத்தையும் நிற்கும் இடத்தையும் பிரித்துப் பார்த்து ஒட்டும், பிஎஸ்2-க்கு அதுவே பொருத்தம். ஆனால் இறக்குமதி வரியோடு பல்லாயிரம் ரூபாய் ஆகிவிடும். சாலிடரிங் தெரிந்தவர்கள் ஜிபிஎஸ்-8200 என்ற போர்டில் ஒரு இஎஸ்பி8266 சிப் போர்டைச் சேர்த்து 'ஜிபிஎஸ் கன்ட்ரோல்' என்ற திறந்த மூல மென்பொருளை ஏற்றுகிறார்கள். செலவு மிகக் குறைவு, தரம் வியக்க வைக்கும், ஆனால் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். ஒரே ஒரு பெட்டிக்காக ரெட்ரோடிங்க் வாங்குவது என் கணக்கில் கட்டுப்படியாகாது. மெகா டிரைவ், சூப்பர் நின்டென்டோ, பிஎஸ்1 என்று ஒரு அலமாரியே வைத்திருப்பவருக்கு வேறு கணக்கு. அந்தப் பழைய பெட்டிகள் அனுப்பும் 240 வரி முழுப் படமான 240பி-யைப் பல புது டிவிகள் 480ஐ என்று தப்பாக எடுத்துக்கொண்டு ஒட்டப் பார்க்கும், விட்டுவிட்டு மின்னும் நிழல்கள் சில சமயம் காணாமலே போகும்.

இதையெல்லாம்விட, யாராவது தூக்கிப் போடும் 21 அல்லது 29 அங்குலக் குழாய் டிவி கிடைத்தால் கதையே முடிந்தது. காசு குறைவு, தாமதம் இல்லை, படம் அந்த விளையாட்டை வடிவமைத்தவர்கள் பார்த்த அதே படம். கடைசிக் காலத்து 29 அங்குல டிவிகள் சிலவற்றில் காம்பொனென்ட் ஓட்டையும் உண்டு. 100 ஹெர்ட்ஸ் என்று ஒட்டியிருப்பதை மட்டும் தவிருங்கள், அது உள்ளே டிஜிட்டலாக அலசித்தான் காட்டும். 'டைம் கிரைசிஸ் 2' மாதிரி துப்பாக்கி வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு வேறு வழியே கிடையாது. கன்கான் 2 துப்பாக்கி, குழாயில் கதிர் எந்த நொடியில் எந்த இடத்தைக் கடக்கிறது என்பதை வைத்துத்தான் குறியைக் கணக்கிடுகிறது, எல்சிடியில் அந்தக் கதிர் இல்லை. வாங்கிய டிவியின் பின்மூடியை மட்டும் கழற்ற வேண்டாம். சுவிட்சை அணைத்து ஒயரைப் பிடுங்கிய பிறகும் குழாயில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். அது டிவி மெக்கானிக்கின் வேலை.

அடுத்து டிஸ்க். இங்கே ஒரு எளிய சோதனை உண்டு. பிஎஸ்2 விளையாட்டுகளில் அடிப்புறம் நீலமாக இருப்பவை சிடி, வெள்ளியாக இருப்பவை டிவிடி. லேசர் தலையில் இரண்டுக்கும் தனித்தனி ஒளி மூலம். வெள்ளி டிஸ்க் எல்லாம் ஓடி நீலம் மட்டும் மறுத்தாலோ, நீலம் ஓடி வெள்ளி மறுத்தாலோ கோளாறு டிஸ்க்கில் இல்லை, லேசரில். இரண்டிலும் சில ஓடி சில மறுத்தால் முதல் சந்தேகம் அழுக்கு, அடுத்தது கீறல். ஸ்லிம்மில் மூடியைத் திறந்தாலே லென்ஸ் கண் முன்னால் இருக்கும். 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் காட்டன் பட்டை லேசாக நனைத்து, அழுத்தாமல், நடுவிலிருந்து வெளியே ஒரு சுற்று. காய ஐந்து நிமிடம் விடுங்கள். தண்ணீர், கண்ணாடி துடைக்கும் திரவம், வாயால் ஊதுவது எதுவும் வேண்டாம். லென்ஸ் பளபளப்பாகியும் எடுக்கவில்லை என்றால், லேசர் ஓடும் தண்டவாளத்தில் பழைய கிரீஸ் இறுகியிருக்கலாம். அதைத் துடைத்துவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் கடுகளவு வைத்தால் போதும்.

ஸ்லிம்மில் இன்னொன்றைக் கட்டாயம் பாருங்கள். ஓடிய டிஸ்க்கை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தால், அடிப்புறம் வட்டமாக, காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி ஒரு கோடு தெரிகிறதா? எஸ்சிபிஹெச் என்று தொடங்கும் மாடல் எண்களில் 70000, 75000 வரிசைகளில் லேசருக்குப் போகும் பட்டை ஒயரின் பசை நாளடைவில் விட்டுப்போய், ஒயர் மேலே வளைந்து சுழலும் டிஸ்க்கை உரசும். இருபது வருடம் பரண் சூட்டில் கிடந்த பெட்டியில் பசை விட்டிருக்க வாய்ப்பு அதிகம். பட்டையைக் கீழே அமர்த்தி மெல்லிய டேப்பால் ஒட்டினால் தீர்ந்தது. இதைப் பார்க்காமல் அரிய டிஸ்க் எதையும் உள்ளே போடாதீர்கள்.

லேசரின் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகைத் திருகினால் ஓடும் என்று காணொளிகள் சொல்லும். ஓடத்தான் செய்யும், மின்னோட்டம் கூடுவதால். அந்த லேசர் அதற்குப் பிறகு அதிக நாள் தாங்காது. புது லேசர் கிடைக்கிறபோது அதைச் செய்வதில் அர்த்தமில்லை. நகல் டிஸ்க்கும் ஓடும்படி சிப் போட்ட பெட்டியில் எழுதிய டிஸ்க்குகளை ஓட்டியதால்தான் லேசர் போயிற்று என்பதும் அடிக்கடி கேட்கிற பேச்சு. இதில் பாதி உறுதி, பாதி ஊகம். எழுதிய டிஸ்க் அச்சடித்த டிஸ்க்கைவிடக் குறைவாக ஒளியைத் திருப்புவதால் படிப்பது கடினம் என்பது நிச்சயம். அதனாலேயே லேசர் சீக்கிரம் சாகிறது என்பதற்கு மெக்கானிக்குகளின் அனுபவப் பேச்சைத் தவிர நல்ல அளவீட்டை நான் பார்த்ததில்லை.

மின்சாரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்லிம்மில் 90000 வரிசைக்கு முந்தியவை 8.5 வோல்ட் வெளி அடாப்டரில் ஓடுபவை. தொலைந்துபோன அடாப்டருக்குப் பதிலாகக் கையில் கிடைத்த 12 வோல்ட்டை மாட்டிப் பெட்டியை எரித்தவர்கள் உண்டு. ஜப்பானிலிருந்து வந்த பழைய பெரிய மாடல் என்றால் அது 100 வோல்ட், நம் 230-ல் செருகிய கணமே உள்ளிருக்கும் பவர் சப்ளை போய்விடும். தேதி, நேரம் ஒவ்வொரு முறையும் மறந்துபோனால் உள்ளே பேட்டரி தீர்ந்திருக்கிறது, விளையாட்டுச் சேமிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. சேமிப்பு 8 எம்பி மெமரி கார்டில் ஃபிளாஷாகத்தான் இருக்கிறது. பேட்டரி போனால் சேமிப்பும் போகும் கதை கேட்ரிட்ஜ் காலத்தது: 'போக்கிமான் கோல்ட்', 'சில்வர்' இரண்டும் பேட்டரியை நம்பியவை, கடிகாரமும் அதிலேயே ஓடுவதால் மற்றவற்றுக்கு முன்னாலேயே தீர்ந்தன. 64 எம்பி என்று விற்ற பெயரில்லாத கார்டுகளை மட்டும் நம்பாதீர்கள், முழுச் சேமிப்பையும் ஒருநாள் சொல்லாமல் விழுங்கும்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன்: பிஎஸ்5-ல் உங்கள் பழைய டிஸ்க் எதுவும் ஓடாது. பிஎஸ்1, பிஎஸ்2, பிஎஸ்3 எதுவுமே. பிஎஸ்3-இலும் முதலில் வந்த 20, 60 ஜிபி மாடல்களில்தான் பிஎஸ்2-வின் சிப்புகளை முழுதாக வைத்திருந்தார்கள், அவை இன்று பிஎஸ்2-வைவிட நோஞ்சான். ஆகவே பிஎஸ்5 என்றால் ஒவ்வொன்றையும் மறுபடி காசு கொடுத்து வாங்குவது, அதுவும் விற்பனையில் இருப்பதை மட்டும்.

எது விற்பனைக்கு வராது என்பதை ஊகிக்க ஒரு வழி இருக்கிறது: அந்த விளையாட்டுக்குள் அடுத்தவன் சொத்து எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். வீரர்களின் முகம், கார் கம்பெனி, சினிமாப் பாட்டு, அணியின் சட்டை, எல்லாவற்றுக்கும் உரிமம் காலத்துக்கு உட்பட்டது. நம் ஊரில் தேய்ந்துபோகும் அளவுக்கு ஓடிய 'கிரிக்கெட் 07', 2003-ன் 'ஸ்மாக்டவுன்: ஹியர் கம்ஸ் த பெய்ன்', 2005-ன் 'நீட் ஃபார் ஸ்பீட்: மோஸ்ட் வான்டட்' மூன்றுக்கும் ரீமாஸ்டர் வரவில்லை. 2012-ல் 'மோஸ்ட் வான்டட்' என்ற பெயரிலேயே வந்தது வேறு விளையாட்டு, பெயரைப் பார்த்து வாங்கி ஏமாற வேண்டாம். இந்தியாவில் பிஎஸ்2-க்கென்றே 2009-ல் செய்த 'ஹனுமான்: பாய் வாரியர்', கபடியெல்லாம் வைத்திருந்த 'தேசி அட்டா' போன்றவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவற்றுக்காகவே பெட்டியை வைத்துக்கொள்ளலாம். விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை ஒன்று அமெரிக்காவில் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், 2010-க்கு முன் அங்கே வந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இப்போது கடையில் கிடைப்பதில்லை என்று கண்டார்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

கிடைப்பவற்றிலும் எல்லாம் ஒரே தரம் இல்லை. பழைய பெட்டியின் குறையை மறைக்க என்று வைத்த ஒன்று பல விளையாட்டுகளில் அழகாகவே ஆகிவிட்டது, ரீமாஸ்டர் செய்பவர் அதைக் குறை என்று எண்ணி நீக்கினால் ஆட்டம் குலைகிறது. மூடுபனி நல்ல உதாரணம். பிஎஸ்2-க்கு ரேம் 32 எம்பி. தூரத்தில் இருப்பதை வரைய முடியாமல் பனியையும் புகையையும் நிரப்பினார்கள். 'சைலன்ட் ஹில் 2'-இன் பயமே அந்தப் பனிதான். 2012-ல் வந்த ஹெச்டி தொகுப்பில், முடிவான மூல நிரல் இல்லாமல் வேலை செய்ததில் பனி மெலிந்துபோய், ஏரியின் நடுவே தண்ணீர் முடியும் விளிம்பு வெட்ட வெளிச்சமாகத் தெரிந்தது. 2021-ல் வந்த ஜிடிஏ முத்தொகுப்பிலும் ('சான் ஆன்ட்ரியாஸ்' உட்பட மூன்று ஜிடிஏ ரீமாஸ்டர்கள்) அதே தப்பு. 'சான் ஆன்ட்ரியாஸ்' வரைபடம் பெரிதாகத் தோன்றியதே அடிவானம் புகைமூட்டமாக இருந்ததால்தான், அதை நீக்கியதும் மலை உச்சியில் நின்றால் மூன்று நகரமும் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தன. மழையோ வெள்ளைக் கம்பி போலக் கண்ணை மறைத்தது. அதை வெளியிட்ட ராக்ஸ்டார் வருத்தம் தெரிவித்தது, 2024 நவம்பர் புதுப்பிப்பில் பழைய வெளிச்சத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் வந்தது, ஆகவே இன்று வாங்கினால் மோசமில்லை. ஆனால் உரிமம் தீர்ந்த பாடல்கள் திரும்ப வரவில்லை. காரில் ரேடியோ கேட்டுக்கொண்டே சுற்றியவருக்குப் பழைய டிஸ்க்தான் சரி.

இதற்கு நேர் எதிரான பக்கமும் உண்டு. 'ஷேடோ ஆஃப் த கொலோசஸ்' 2005-ல் பிஎஸ்2-வைத் தாங்க முடியாத அளவுக்குப் பிழிந்தது. பெரிய உருவம் வந்தால் நொடிக்கு 20 பிரேமுக்கும் கீழே இறங்கும். புளூபாயின்ட் என்ற நிறுவனம் 2018-ல் பிஎஸ்4-க்குப் புதிதாகக் கட்டியது, பிஎஸ்4 புரோவிலேயே 60 பிரேம் ஓடும். அசலைப் புனிதமாக நினைப்பவர்கள் புல்லின் நிறத்தைக் குறை சொல்வார்கள், நான் தயங்காமல் புதியதைத்தான் சொல்வேன். 'சைலன்ட் ஹில் 2'-க்கும் 2024-ல் புதிதாகச் செய்த பதிப்பு நன்றாகவே வந்திருக்கிறது, பனியின் மதிப்பு தெரிந்தவர்கள் செய்திருக்கிறார்கள். 'ரெசிடென்ட் ஈவில் 4' மட்டும் இரண்டுமே வேண்டிய வகை. அசலில் துப்பாக்கியைத் தூக்கினால் நகர முடியாது. எதிரிகள் ஓடி வந்து சில அடி தள்ளி வேகம் குறைப்பதும் அதற்கேற்ற கணக்குதான். 2023 பதிப்பில் நடந்துகொண்டே சுடலாம், ஆகவே எதிரிகளின் வேகமும் எண்ணிக்கையும் வேறு. பெயர் ஒன்று, ஆட்டம் இரண்டு. அசல் வேண்டுமென்றால் பிஎஸ்2 டிஸ்க்கைவிட 2016-ல் பிஎஸ்4-க்கு வந்தது மேல், பிஎஸ்2 பதிப்பில் உருவங்களின் நுணுக்கத்தைக் குறைத்திருந்தார்கள்.

இன்னொன்று, கையில் பிடித்தால்தான் புரியும். பிஎஸ்2-வின் டூயல்ஷாக் 2-ல் முக்கோணம், வட்டம், சதுரம், எக்ஸ் எல்லாமே அழுத்தத்தை உணரும் பட்டன்கள். 'மெட்டல் கியர் சாலிட் 3'-ல் சதுரத்தை அழுத்திக் குறி பார்த்துவிட்டு மெதுவாக விட்டால் சுடாமல் துப்பாக்கி இறங்கும், சட்டென்று விட்டால் சுடும். வட்டத்தை லேசாகப் பிடித்தால் எதிரியின் கழுத்தைப் பிடித்திருப்பீர்கள், இறுக அழுத்தினால் அறுத்துவிடுவீர்கள். பிஎஸ்4, பிஎஸ்5 கன்ட்ரோலர்களில் இந்த வசதி கிடையாது, வேறு பட்டன் கூட்டுகளை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். 'கிராண்ட் டூரிஸ்மோ 4'-ல் எக்ஸை அழுத்தும் அளவுக்கே ஆக்சிலரேட்டர். இதற்காகவே பழைய கன்ட்ரோலரைப் பத்திரமாக வைத்திருங்கள். சந்தையில் கிடைக்கும் நகல்கள் பலவற்றில் உள்ளே வெறும் ஆன்-ஆஃப் சுவிட்சுதான்.

ஒன்று கவனியுங்கள். 'காட் ஆஃப் வார்' முதல் இரண்டும் 2009-ல் பிஎஸ்3-க்கு ஹெச்டியில் வந்தன. பிஎஸ்5-ல் பிஎஸ்3 விளையாட்டுகள் சோனியின் சந்தாவான பிஎஸ் பிளஸ் பிரீமியத்தின் ஸ்ட்ரீமிங் வழியாகத்தான் ஓடுகின்றன. 2022-ல் இந்தச் சந்தா வந்தபோது இந்தியாவுக்கு ஸ்ட்ரீமிங் இல்லாத டீலக்ஸ் வகையைத்தான் கொடுத்தார்கள். வெளிநாட்டு யூடியூபர் சொல்வதைக் கேட்டுச் சந்தா கட்டுமுன் இங்குள்ள பட்டியலைப் பாருங்கள். அதே 2022-ல் ஆசிய நாடுகளில் பல பழைய விளையாட்டுகள் 50 ஹெர்ட்ஸ் பால் பதிப்பாக வந்து, கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே 60 ஹெர்ட்ஸ் பதிப்பையும் சேர்த்தார்கள்.

நல்ல கணினி இருந்தால் கணினியை பிஎஸ்2 போல நடக்க வைக்கும் பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டர் மென்பொருளையும் நினைவில் வையுங்கள். உங்கள் டிவிடி டிஸ்க்கைக் கணினியின் டிவிடி டிரைவிலேயே ஐஎஸ்ஓ-வாக (டிஸ்க்கின் முழு நகல் கோப்பாக) எடுக்கலாம். பெட்டியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸ் கோப்பை மட்டும் உங்கள் பெட்டியிலிருந்தே எடுக்க வேண்டும், இணையத்தில் கிடைப்பது பதிப்புரிமை மீறல். பிஎஸ்2-வில் பாதி வரிகளாக வந்த அதே விளையாட்டு அதில் 4கே-யில் துல்லியமாக வரும். லேசர் செத்துப்போனால்கூட டிஸ்க் வீணாகாது.

ஆகவே இந்த வாரம் கன்வெர்ட்டரைக் கழற்றி, கேம் மோடு போட்டு, லென்ஸைத் துடைத்து, பட்டை ஒயரைப் பாருங்கள். காம்பொனென்ட் ஒயர் வந்ததும் டெக்கனில் முக்கோணமும் எக்ஸும். பிஎஸ்5-ஐ அதன் புது விளையாட்டுகளுக்காக வாங்குவதாக இருந்தால் வாங்குங்கள், பிஎஸ்2-வுக்கு மாற்றாக என்றால் வேண்டாம். இவ்வளவுக்கும் பிறகு தாமதம் இருந்தால் டிவியின் மாடல் எண்ணையும், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் எஸ்சிபிஹெச் எண்ணையும் எழுதுங்கள். 480ஐ-யை அந்த டிவி எப்படிக் கையாள்கிறது என்று தெரியாமல் ஸ்கேலர் வாங்கச் சொல்ல மாட்டேன்.